நங்கூரம் போட முடியாத இடத்துக்கு ஒரு கார் இன்ஜின்

தேவிபட்டினத்திலிருந்து மண்டபம் வரை எந்தக் கரையில் நின்று பார்த்தாலும், தரையில் ஓடுவதற்காகப் பிறந்த இன்ஜின் ஒன்று தண்ணீரில் ஓடிக்கொண்டிருக்கும். லாரி இன்ஜினை விசைப்படகுக்குள் இறக்குவது எங்கள் பட்டறைகளுக்குக் கைப்பழக்கம். அதனால்தான் பட்டறைக்கு வரும் பையன்கள், "அண்ணே, படகுக்கு வைக்கிறோமே, விமானத்துக்கு வைக்க முடியாதா?" என்று கேட்கிறார்கள். முடியும். 1929-இலேயே அமெரிக்காவில் பீட்டன்போல் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ கார் இன்ஜினை வைத்துத் தன் விமானத்தைப் பறக்கவிட்டார். அதற்குப் பிறகு ஃபோக்ஸ்வேகன் பீட்டில், செவர்லே கோர்வேர், சுபாரு, சுசுகி என்று எத்தனையோ கார் இன்ஜின்கள் மேலே போயிருக்கின்றன.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாகப் படகு இன்ஜின் வேலை. கடந்த மூன்று வருடமாக, வெளிநாட்டில் விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்ற கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவரோடு சேர்ந்து ஒரு மாருதி ஜிப்சி ஜீப்பின் இன்ஜினை விமானத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டிருக்கிறேன். நான் விமானி இல்லை. எங்கள் இன்ஜின் இன்னும் பறக்கவும் இல்லை. தரையில் சோதனை மேடையில் 64 மணி நேரம் ஓடியிருக்கிறது. அந்த 64 மணி நேரத்துக்கு எவ்வளவு வேலை என்பதுதான் இங்கே வரப்போவது.

கடலில் நின்றுபோன படகுகளைக் கட்டி இழுத்து வந்த அனுபவத்தில் ஒன்று தெரியும். இன்ஜினைச் சுற்றும் முக்கியத் தண்டான கிராங்க் உடைந்து நின்ற படகு அபூர்வம். ஹோஸ் வெடித்திருக்கும், டீசலில் தண்ணீர் இறங்கியிருக்கும், ஒயர் துருப்பிடித்து அறுந்திருக்கும். இன்ஜினின் உள்ளே இருப்பதைக் கோடிக்கணக்கில் செலவழித்துச் சோதித்துப் பார்த்த கம்பெனி செய்தது. வெளியே மாட்டியிருப்பதை நாம் செய்தோம். நிற்க வைப்பது பெரும்பாலும் நாம் செய்ததுதான். படகு நின்றால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றி வீசிக் காட்டலாம். மேலே அதற்கு வழி கிடையாது. ஆகவே இன்ஜினுக்குள் கை வைப்பதைப் பற்றிக் கொஞ்சமாகவும், வெளியே மாட்டுவதைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

முதலில் காகிதம்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். இன்ஜினை மேடையில் ஓட்டுவது வேறு, ஆளோடு தரையை விட்டு எழும்புவது வேறு. எழும்பும் எந்த இயந்திரமும் மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் கீழ் வருகிறது. 1934-ஆம் வருட விமானச் சட்டம் போய், 'பாரதீய வாயுயான் அதினியம் 2024' என்ற புதுச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டில் கட்டிய விமானத்துக்கு நம் நாட்டில் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி மொட்டைமாடியில் ஒரு விமானத்தைக் கட்டி, 2017-இல் பதிவு எண் வாங்கினார். ஆனால் அதற்கு அவர் அலைந்த வருடங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு இன்னொரு கூடுதல் காரணமும் உண்டு. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்; மணிக்கு 120 கிலோமீட்டர் போகும் சின்ன விமானத்துக்கு அது கால் மணி நேரத் தூரம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா. எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. "சும்மா பத்தடி எழும்பிப் பார்ப்போம்" என்பது இந்தக் கரையில் கூடவே கூடாது. இன்ஜினை இங்கே தயார் செய்யலாம். பறப்பது அனுமதி கிடைத்த பிறகு, அனுமதி பெற்ற ஓடுதளத்தில்.

சோதனை ஓட்டத்துக்குக்கூட உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லவில்லை. முதல் நாள் சத்தத்துக்கே ஊர் கூடிவிட்டது.

எந்த இன்ஜின்

பீட்டில் இன்ஜின் கிடைத்தால் புதியவருக்கு அதுதான் நல்லது. காற்றில் குளிர்வது, புரொப்பெல்லரை நேராகக் கிராங்கிலேயே மாட்டலாம், ரேடியேட்டரும் இல்லை, இடையில் பெல்ட்டும் இல்லை. ஆனால் நம் பக்கத்துக் காயலான் கடைகளில் பீட்டிலைத் தேடுவது வைகையில் ஆடி மாதம் தண்ணீர் தேடுவது போல.

நமக்குக் கிடைப்பது மாருதி. 800-இன் மூன்று சிலிண்டர் இன்ஜின் எல்லா இடத்திலும் கிடைக்கும், ஆனால் அதன் பிளாக் வார்ப்பிரும்பு. எடைக்கு ஏற்ற சக்தி இல்லை. பழைய ஜென்னின் 993 சி.சி., எஸ்டீமிலும் ஜிப்சியிலும் வந்த 1.3 லிட்டர் ஆகியவை அலுமினிய பிளாக். நாங்கள் ஏலத்தில் கழித்துவிட்ட வண்டியிலிருந்து 16 வால்வு ஜிப்சி இன்ஜினை எடுத்தோம்.

வாங்கும்போது எல்லோரும் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் பிடிக்கும் அழுத்தம், பார்ப்பார்கள். பாருங்கள், நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் ராமநாதபுரத்தில் வாங்குகிறவர் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே. நம் ஊர் டிரைவர்கள் கூலன்ட் ஊற்றுவதில்லை. கண்ட போர் தண்ணீரை ஊற்றுவார்கள், அது உப்பு. அலுமினிய பிளாக்கில் அந்தத் தண்ணீர் சில வருடம் நின்றால், ஹெட் கேஸ்கட் உட்காரும் முகத்தில் நீர் ஓட்டைகளைச் சுற்றி அரித்துக் குழி விழுந்திருக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் இன்ஜின் ஹெட்டைக் கழற்றியதும் கறையான் அரித்த கதவு போல இருக்கும். நாங்கள் முதலில் வாங்கியது அப்படித்தான். அந்தப் பணம் போனது போனதுதான். வெள்ளையாகப் பூத்திருந்தால் அல்லது துரு நிறத் தண்ணீர் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

80 குதிரை எங்கே போனது?

ஜிப்சி இன்ஜின் 80 குதிரைத்திறன் என்று சொல்வது நிமிடத்துக்கு 6000 சுற்றில். கார் அந்தச் சுற்றைத் தொடுவது எப்போதோ ஒரு முறை. விமானமோ ஏறும்போது முழுச் சக்தியிலும், பிறகு மணிக்கணக்கில் முக்கால் சக்தியிலும் ஓடும். ஆகவே நாம் எந்தச் சுற்றில் ஓட்டப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

கணக்கு எளிது. முறுக்கு விசையை நியூட்டன் மீட்டரில் எடுத்து, சுற்று எண்ணிக்கையால் பெருக்கி, 7121-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். இந்த இன்ஜினின் உச்ச முறுக்கு 103 நியூட்டன் மீட்டர், 4500 சுற்றில். 103 × 4500 ÷ 7121 என்றால் 65. நாங்கள் 65-ஐயே எங்கள் சக்தி என்று வைத்துக்கொண்டோம். அதிலும் கம்பெனி எண் குளிர்ந்த காற்றுக்கு உரியது. மே மாதம் 38 பாகை வெயிலில் காற்றின் அடர்த்தி, 15 பாகையில் இருப்பதைவிட 7 சதவீதம் குறைவு. சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். மீதி 60. விமானத்தின் வரைபடம் 80 கேட்கிறது என்றால் இந்த இன்ஜின் அதற்கு ஆகாது. இன்ஜினைத் 'தட்டி எழுப்பி' 80 எடுக்கப் பார்க்காதீர்கள்.

உள்ளே செய்ய வேண்டியது

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மெக்கானிக் எவருக்கும் இது தெரியும். முழுதாகப் பிரித்து, கிராங்கையும் சிலிண்டரையும் மைக்ரோமீட்டரால் அளந்து, கம்பெனி சொன்ன அளவுக்குள் இல்லாததைத் தூக்கிப் போடுங்கள். ரிங்ஸ், பேரிங், ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், எல்லா சீலும் புதிது. ஹெட் போல்ட்டும் புதிது. கியர்பாக்ஸ், கிளட்ச், ஏ.சி. கம்ப்ரசர் எல்லாம் வெளியே; செல்ஃபும் ஆல்டர்னேட்டரும் இருக்கட்டும். பிஸ்டனை மாற்றுவது, கேம்மை மாற்றுவது, ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷன் ஏற்றுவது எதுவும் வேண்டாம். கம்பெனியின் சோதனை நமக்கு இலவசமாகக் கிடைத்த சொத்து. உள்ளே எதையாவது மாற்றிய நொடியில் அந்தச் சொத்து போய்விடும்.

சுற்றைக் குறைக்கும் பெட்டி

இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் முடிந்துபோகின்றன. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

4500 சுற்றில் புரொப்பெல்லரை நேராக மாட்ட முடியாது. 1.7 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரின் நுனி அந்தச் சுற்றில் வினாடிக்கு 400 மீட்டர் போகும். ஒலியின் வேகமே சுமார் 340 மீட்டர்தான். நுனி ஒலியை நெருங்கினாலே சக்தியெல்லாம் இரைச்சலாகப் போய்விடும், இழுவை இருக்காது. படகுக்காரருக்கு இது புரியும். சின்ன ஃபேனை வேகமாகச் சுற்றினால் தண்ணீர் நுரைக்குமே தவிர படகு நகராது. 2.1-க்கு 1 என்று குறைத்தால் புரொப்பெல்லர் 2140 சுற்றுக்கு வரும், நுனி வேகம் 190 மீட்டர். நல்ல இடம்.

குறைப்பதற்குப் பல் வைத்த பெல்ட், கியர், சங்கிலி என்று வழிகள் உண்டு. புதியவருக்கு நான் பெல்ட்டைத்தான் சொல்வேன். பெல்ட் தானே கொஞ்சம் அதிர்வை வாங்கிக்கொள்ளும், எண்ணெய் வேண்டாம், தேய்வது கண்ணுக்குத் தெரியும். கியர் என்றால் விகிதத்தைச் சரியாக 2-க்கு 1 என்று வைக்காதீர்கள். வைத்தால் ஒவ்வொரு வெடிப்பின் அடியும் திரும்பத் திரும்ப அதே பற்களின் மேல்தான் விழும். இன்னொன்று, ஒரு ஜோடி கியர் வைத்தால் சுற்றும் திசை மாறும், பெல்ட்டில் மாறாது. புரொப்பெல்லர் வாங்குவதற்கு முன் இதை யோசிக்காமல் இடக்கைப் புரொப்பெல்லரை வாங்கி வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது முறுக்கு அதிர்வு. இன்ஜின் சீராகச் சுற்றுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் ஒரு உதை வாங்குகிறது. நான்கு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு உதை. மறுமுனையில் கனமான புரொப்பெல்லர், அது அசைய மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தண்டு ஸ்பிரிங் மாதிரி முறுக்கித் தளர்கிறது. துறையில் படகுக்கு ஏறப் போடும் பலகையில் இரண்டு பேர் ஒரே காலடி வைத்து நடந்தால் என்ன ஆகும்? பலகையின் துள்ளலும் காலடியும் ஒன்று சேர்ந்து ஆளைத் தண்ணீரில் எறிந்துவிடும். அதேதான். உதையின் வேகமும் தண்டின் இயல்பான துள்ளலும் ஒரு குறிப்பிட்ட சுற்றில் ஒன்று சேர்ந்தால், எவ்வளவு தடித்த தண்டும் சில மணி நேரத்தில் வெட்டிக்கொள்ளும். தண்டைத் தடியாக்கினால் சரியாகிவிடும் என்று நம்மூர் லேத்காரர் சொல்வார். சரியாகாது, துள்ளும் சுற்று வேறிடத்துக்கு நகரும், அவ்வளவுதான். சில நேரம் நேராக நாம் ஓட்டும் சுற்றுக்கே வந்து உட்காரும்.

என்ன செய்யலாம்? பெல்ட் ஓடும் சக்கரங்கள் இரண்டு: இன்ஜின் பக்கம் கீழ்ப் புல்லி, புரொப்பெல்லர் பக்கம் மேல் புல்லி. கிராங்குக்கும் கீழ்ப் புல்லிக்கும் நடுவில் ரப்பர் கப்ளிங் வையுங்கள். அதனால் துள்ளும் சுற்று, செல்ஃப் அடித்ததும் சட்டென்று கடந்துபோகும் அளவுக்குக் கீழே இறங்கும். புரொப்பெல்லர் மரத்தில் செய்ததாக இருக்கட்டும். எடை குறைவு, அதிர்வைத் தின்னும். ஐடிலை, அதாவது முடுக்காமல் சும்மா ஓடும் சுற்றை, உயரமாக வையுங்கள். எங்கள் ஏற்பாட்டில் 1100 சுற்றுக்குக் கீழே பெல்ட் படபடவென்று அடித்தது, ஆகவே ஐடில் 1300.

புரொப்பெல்லரின் இழுவையையும், விமானம் திரும்பும்போது வரும் பம்பர விசையையும் மேல் புல்லியின் தண்டும் அதன் பேரிங்குகளும் வாங்க வேண்டும், கிராங்க் வாங்கக் கூடாது. கார் கிராங்கின் பக்கவாட்டு பேரிங் கிளட்ச் மிதிக்கும் விசைக்குச் செய்தது. நேராகப் புரொப்பெல்லர் மாட்டிய கோர்வேர் இன்ஜின்களில் சில கிராங்குகள் முறிந்த பிறகுதான், முன்னால் கூடுதலாக ஐந்தாவது பேரிங் வைக்கும் வழக்கம் வந்தது.

எங்கள் முதல் பெட்டி 11-ஆம் மணி நேரத்தில் ரப்பர் வாசனை காட்டியது. நிறுத்திப் பார்த்தால் பெல்ட்டின் ஒரு ஓரத்தில் கருப்புத் தூள். மேல் புல்லியும் கீழ்ப் புல்லியும் ஒன்றரை மில்லிமீட்டர் விலகி இருந்தன. லேத்தில் கடைந்தது சரியாகத்தான் இருந்தது, நான்தான் தகட்டை வெல்டிங் செய்த பிறகு மறுபடி அளக்கவில்லை. வெல்டிங் இழுக்கும் என்று பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஆள் நான்.

தண்ணீரும் காற்றும்

பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று தண்டுக்கு, மூன்றில் ஒன்று புகையோடு, மிச்சம் கூலன்டுக்கும் இன்ஜின் உடம்புக்கும். அதாவது நாம் 65 குதிரை எடுக்கும்போது, கிட்டத்தட்ட அதே அளவு வெப்பத்தை ரேடியேட்டர் வெளியே தள்ள வேண்டும். காரில் அந்த நிலை சில வினாடி. விமானத்தில் ஏறும் நேரம் முழுக்க, அதுவும் காற்று வேகம் குறைவாக இருக்கும்போது.

ரேடியேட்டர் பெரிதா சிறிதா என்பதைவிட, அதற்குள் காற்றைக் கொண்டுபோகும் கூண்டுதான் முக்கியம். காற்றுக்குச் சோம்பல், சந்து கிடைத்தால் ரேடியேட்டருக்குள் போகாமல் பக்கத்தில் நழுவிவிடும். நுழைவாயில் ரேடியேட்டர் முகத்தைவிடச் சிறியதாகத் தொடங்கி மெதுவாக விரிய வேண்டும், நான்கு பக்கமும் ஸ்பாஞ்சு வைத்து அடைத்திருக்க வேண்டும். வெளிவாயில் நுழைவாயிலைவிடப் பெரிதாக இருக்கட்டும், ஏனென்றால் சூடான காற்று விரிந்திருக்கும். முன்னால் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறவர்கள் பின்னால் வழி விடுவதில்லை. நாங்களும் அதைத்தான் முதலில் செய்தோம்.

கூலன்ட் பாதிக்குப் பாதி, காய்ச்சி வடித்த நீரில். போர் தண்ணீர் வேண்டாம் என்று மறுபடி சொல்ல வேண்டுமா? ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தம் தாங்கும் என்றால் சுத்தத் தண்ணீரே 118, 119 பாகை வரை கொதிக்காது. ஹெட்டின் மிக உயரமான இடத்தில் காற்று வெளியேற ஒரு சின்னக் குழாய் வையுங்கள். காரில் இன்ஜின் உட்கார்ந்திருந்த கோணம் வேறு, இங்கே வேறு. காற்றுக் குமிழ் தங்கும் இடமும் மாறியிருக்கும்.

ஹோஸ் மாட்டும் ஒவ்வொரு குழாய் முனையிலும் வளையம் போல ஒரு மேடு இருக்க வேண்டும், கிளிப் அதற்குப் பின்னால். வழுவழு குழாயில் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு நாள் கழன்று வரும். இதைக் கடலில் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

அப்புறம், பலர் யோசிக்காத ஒன்று. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் எல்லாம் போய்விட்டால், வெப்பமானி முள் ஏறாது. சென்சார் தண்ணீரில் இல்லாமல் காற்றில் தொங்கும், முள் சாதுவாக நடுவில் நிற்கும், இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். ஆகவே கூலன்ட் அழுத்தத்துக்கு ஒரு ஸ்விட்ச் வைத்து, அழுத்தம் விழுந்ததும் சிவப்பு விளக்கு எரியும்படி செய்யுங்கள்.

பெட்ரோல்

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். காருக்குப் பரவாயில்லை. நமக்கு நான்கு தொல்லை.

ஒன்று, நம் கரையில் படகு கட்டும் ஃபைபர்காரர்களிடம் பெட்ரோல் டேங்க் செய்யச் சொல்லும் ஆசை. படகுக்குப் போடும் ரெசினை எத்தனால் மெதுவாக இளக்கும்; இளகியது கோந்து மாதிரி ஃபில்டரில் போய் அடைக்கும். அலுமினிய டேங்க் வெல்டிங் செய்துகொள்ளுங்கள். இரண்டு, பழைய ரப்பர் குழாய்கள் ஊதிப்போகும். எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். மூன்று, எத்தனால் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், நம் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. குடித்தது அளவு தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், இன்ஜின் முதலில் உறிஞ்சுவதே அதைத்தான். டேங்கை அரைகுறையாக வைத்து மாதக்கணக்கில் விடாதீர்கள். ஆக அடியான இடத்தில் ஒரு வண்டல் கிண்ணம் வைத்து, ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்னும் திறந்து கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். நான்கு, எத்தனாலில் சக்தி குறைவு. கார்புரேட்டர் வைத்தால், பெட்ரோல் வரும் ஓட்டையான ஜெட்டைப் பெரிதாக்காவிட்டால் கலவை மெலிந்து வால்வு வேகும்.

எத்தனால் எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். அளவுக்கோடு போட்ட உயரமான கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், மேலே 100 மில்லி பெட்ரோல். நன்றாகக் குலுக்கி, நிற்க விடுங்கள். அடியில் தண்ணீர்க் கோடு எவ்வளவு உயர்ந்ததோ அதுதான் எத்தனால், ஏறத்தாழ.

பம்ப் இரண்டு வேண்டும், டேங்கை ஒட்டிக் கீழே. பம்ப் தள்ளட்டும், உறிஞ்ச வேண்டாம். வெயிலில் உறிஞ்சும் குழாயில்தான் ஆவி அடைக்கும். 65 குதிரைக்கு மணிக்குச் சுமார் 20 லிட்டர் போகும். பம்ப் வைத்தால் அதில் ஒன்றேகால் மடங்கு, அதாவது 25 லிட்டராவது வருகிறதா என்று விமானத்தின் மூக்கைத் தூக்கி வைத்த நிலையில், முழு அழுத்தத்தில் அளந்து பாருங்கள். புவியீர்ப்பில் இறங்கும் டேங்க் என்றால் ஒன்றரை மடங்கு, 30 லிட்டர்.

கார்புரேட்டரா, கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ.யா என்று எனக்கும் காக்காவுக்கும் ஆறு மாதம் சண்டை. நான் கார்புரேட்டர் கட்சி. மின்சாரம் போனாலும் ஓடும் என்பது என் வாதம். அவர் ஒரே கேள்வியில் முடித்தார்: "ஐஸ் பிடிச்சா என்ன செய்வீங்க தம்பி?" ராமநாதபுரத்தில் ஐஸா என்று சிரித்தேன். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் சட்டென்று 20 பாகைக்கும் மேல், சில நேரம் 35 பாகைக்கும் மேல் இறங்கும். ஈரக் காற்று அங்கேயே உறையும். வெளியே 38 பாகை இருந்தாலும் ஈரம் போதுமானதாக இருந்தால் நடக்கும், முக்கியமாகச் சக்தியைக் குறைத்து இறங்கும்போது. வாடைக் காலத்துக் காலை நேரம் அதற்கென்றே அமைந்தது. கார்புரேட்டர் வைக்கிறவர்கள் சைலன்சர் சூட்டைத் திருப்பி விடும் ஒரு கதவு கட்டாயம் வைக்க வேண்டும். நாங்கள் கடைசியில் எம்.பி.எஃப்.ஐ.யிலேயே நின்றோம்.

மின்சாரம்

எம்.பி.எஃப்.ஐ. என்று முடிவு செய்தால் மின்சாரம் போனால் இன்ஜின் போச்சு. ஆகவே பேட்டரி இரண்டு, நடுவில் டயோடு. ஒன்று செத்தாலும் மற்றது தனியாக அரை மணி நேரமாவது பம்பையும், இன்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வையும் ஓட்ட வேண்டும். ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு, ஒரு பேட்டரியில் மட்டும் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று மேடையில் கடிகாரம் வைத்து அளந்தோம். எங்களுக்கு 41 நிமிடம். ஒயர் முனைகளைக் கிரிம்ப் செய்து (உலோக முனையை மாட்டி நசுக்கி), மேலே வெப்பத்தில் சுருங்கும் உறை. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் பழக்கத்தைப் பட்டறை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

நட்டு, போல்ட்டு

படகு மெக்கானிக்குக் காக்கா சொல்லிக் கொடுத்த பெரிய பாடம் இதுதான். நாம் இறுக்குவோம், அவர்கள் இறுக்கிப் பூட்டுவார்கள். ஒவ்வொரு போல்ட்டும் ஒன்று கம்பி கட்டியிருக்க வேண்டும், அல்லது பின் போட்டிருக்க வேண்டும், அல்லது பூட்டு நட்டு. கம்பி கட்டும்போது, போல்ட் தளர முயன்றால் கம்பி அதை இறுக்கும் பக்கமாக இழுக்கும்படி கட்ட வேண்டும். நைலான் வைத்த நட்டை 120 பாகைக்கு மேல் சூடேறும் இடத்தில் போடக் கூடாது. சைலன்சர் பக்கத்தில் அது உருகி வெறும் நட்டாகிவிடும். டார்க் ரெஞ்சில் இறுக்கியதும் நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு. மறுநாள் கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது.

இன்ஜினுக்கும் ஆளுக்கும் நடுவில் 0.4 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுத் தகடு. அதைத் துளைத்து வரும் பெட்ரோல் குழாய்க்குத் தீ தாங்கும் உறை.

மேடையில் ஓட்டுவது

டிராக்டர் டிரெய்லர் சட்டம் ஒன்றில் இன்ஜினை, விமானத்தில் எப்படி உட்காருமோ அதே தாங்கியோடு, அதே ரேடியேட்டர், அதே டேங்கோடு மாட்டினோம். பின்பக்கம் படகுக் கயிற்றால் இரண்டு பனைமரத்தில் கட்டு. நடுவில் மீன் நிறுக்கும் 300 கிலோ தொங்கு தராசு. முழுச் சக்தியில் அது காட்டுவதுதான் நிலை இழுவை; எங்களுக்கு 158 கிலோ. இதே தராசில் முதல் நாளே இன்ஜினை, தண்ணீர், எண்ணெய், ரேடியேட்டர், பெட்டி எல்லாம் சேர்த்து நிறுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு எடை தெரியாமல் விமானத்தின் சமநிலையைக் கணக்கிட முடியாது.

இடம் தேர்வு செய்யும்போது மணல் வேண்டாம். புரொப்பெல்லர் மணலை உறிஞ்சி எடுத்துத் தன் முகத்திலேயே அறைந்துகொள்ளும். மரத்தின் முன்விளிம்பு ஒரு மணி நேரத்தில் எலி கடித்த மாதிரி ஆகிவிடும். நாங்கள் ஒரு பழைய மீன் காயப்போடும் தளத்தைக் கேட்டு வாங்கினோம்.

புரொப்பெல்லர் சுற்றும் தளத்தின் நேர்ப் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது, ஆட்டுக்குட்டி உட்பட. சுற்றும்போது அது கண்ணுக்குத் தெரியாது. வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் பின்னால், கயிறு கட்டி, தூரத்தில் நிறுத்துங்கள். நின்றுபோன புரொப்பெல்லரையும் சாவியைக் கையில் எடுத்த பிறகே தொட வேண்டும்.

முதல் இரண்டு மணி நேரம் சுற்றை ஏற்றி இறக்கி. பிறகு எண்ணெயை வடித்து, ஃபில்டரை அறுத்து, உள்ளே உள்ள காகிதத்தை விரித்து வெயிலில் பாருங்கள். மினுங்கும் தூள் கொஞ்சம் இருக்கலாம், செதில் இருக்கக் கூடாது. அடுத்து முக்கால் சக்தியில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல். கடைசியில் முழுச் சக்தியில் அரை மணி நேரம், மே மாத மதியத்தில். டிசம்பரில் தேறிய இன்ஜினை நான் நம்ப மாட்டேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சுற்று, எண்ணெய் அழுத்தம், எண்ணெய் வெப்பம், கூலன்ட் வெப்பம், காற்று வெப்பம் ஐந்தையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். எங்கள் நோட்டில் 37-ஆம் மணியில் எண்ணெய் வெப்பம் வழக்கத்தைவிட 6 பாகை கூடியிருந்தது. பார்த்தால் கூண்டின் ஸ்பாஞ்சு ஒரு மூலையில் பிய்ந்திருந்தது.

உப்பு

ஓட்டாத நாட்களில்தான் நம் கரையில் இன்ஜின் அதிகம் சாகிறது. கச்சான் காற்று அடித்த சாயங்காலம் பட்டறைச் சுவரில் விரலை வைத்து நக்கினால் உப்புக் கரிக்கும். அதே உப்பு ஆல்டர்னேட்டரிலும், ரேடியேட்டர் தகடுகளிலும், ஒயர் முனைகளிலும் இருக்கிறது. ஓடி முடித்து ஆறியதும் நல்ல தண்ணீரில் ரேடியேட்டரை மெதுவாகக் கழுவுங்கள். அலுமினியத்தில் இரும்பு போல்ட் போகும் இடத்தில் கிரீஸ் இல்லாமல் மாட்டாதீர்கள்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது நல்லது என்று படகுக்காரர்கள் நம்புகிறோம். கெடுதல். எரியும்போது உண்டாகும் நீராவி எண்ணெயில் கலக்கும், அது ஆவியாகிப் போகும் அளவுக்கு இன்ஜின் சூடாவதற்குள் நாம் நிறுத்திவிடுகிறோம். ஓட்டினால் எண்ணெய் 85 பாகை தொட்டு அரை மணி நேரம் ஆகும்வரை ஓட்டுங்கள். இல்லையென்றால் தொடவே வேண்டாம். கையால் புரொப்பெல்லரைச் சுற்றிவிடுவதும் வேண்டாம், சிலிண்டர் சுவரில் இருக்கும் கொஞ்ச எண்ணெயையும் ரிங் வழித்துவிடும்.

இரண்டு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால், பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எண்ணெயைப் புகை போல அடித்து, பிளக்குக்குப் பதிலாக சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடி பிளக்கைத் திருகி வையுங்கள். காற்று போகும் வாயையும் சைலன்சர் வாயையும் மூடுங்கள். நீலமாக இருக்கும் ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. மாற்றியதைச் சூடாக்கினால் மறுபடி நீலமாகும், திரும்பப் பயன்படுத்தலாம். அதற்கென்று தனியாக ஒரு பழைய சட்டி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு வாணலியில் வறுக்காதீர்கள். அந்த நீலம் கோபால்ட் உப்பு, உடம்புக்கு ஆகாது.